என் தோளைக் காப்பாற்றிய எதிரணி நண்டு

போன வருடம் மழை விட்டு மைதானம் காய்ந்த சமயம். போர்ட் பிளேருக்குப் பக்கத்தில், எங்கள் புரோத்ராபூரில் வாலிபால் போட்டி நடந்துகொண்டிருந்தது. அரையிறுதியில் ஜெயித்து ஃபைனலுக்குப் போய்விட்டோம். தெருவே கத்திக் கொண்டாடியது. நான் மட்டும் வீட்டுக்குள் சட்டையைக் கழற்ற முடியாமல் முழித்துக்கொண்டிருந்தேன். வலது கை தலைக்கு மேல் போகவே இல்லை. கடைசியில் என் மனைவிதான் வாழைப்பழத்தை உரிக்கிற மாதிரி என்னை உரித்து எடுத்தாள்.

"ஏங்க, அடி வாங்குறது பந்து. வலி மட்டும் எப்படி உங்களுக்கு வருது?" என்று கேட்டாள்.

பதில் தெரியவில்லை. எனக்குப் பதில் தெரியாத கேள்விகள் நிறைய. அதனால்தான் எட்டாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம்.

தொழில் பிளம்பர் வேலை. எங்கள் ஊரில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். அதனால் வீட்டுக்கு வீடு டேங்க், டேங்குக்கு டேங்க் ஒழுகல். எனக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. உயரத்தில் குழாய் மாட்டுவது, ரெஞ்சைப் பிடித்துத் திருகுவது எல்லாம் வலது கைதான். இடது கை சும்மா ஜோடிக்கு இருக்கிறது. சாயங்காலமானால் அதே வலது கையால் நெட்டுக்கு மேலே எகிறிப் பந்தை அடிப்பேன். எங்கள் டீமுக்கு நான்தான் பெரிய அடிக்காரன். பெரிய வாய்க்காரனும் நான்தான்.

சில மாதமாகவே தோளுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு அடி அடித்தால் கொஞ்ச நேரம் கை செத்த மீன் மாதிரித் தொங்கும். தைலம் தேய்த்தேன், ஸ்ப்ரே அடித்தேன். எக்ஸ்ரே கூட எடுத்துப் பார்த்தேன். எலும்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். எலும்பே நன்றாக இருக்கும்போது நமக்கென்ன என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அரையிறுதியில் வலி தாங்காமல், ஓங்கி அடிக்க வேண்டிய பந்தையெல்லாம் மெதுவாகத் தட்டித் தட்டி விட்டேன். ஜெயித்தது என் அதிர்ஷ்டம். ஆனால் அந்த வீடியோவை யாரோ ஃபேஸ்புக்கில் எங்கள் தீவு வாலிபால் குரூப்பில் போட்டுவிட்டார்கள்.

அந்த குரூப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் தீவு சின்ன ஊர். ராத்திரி ஒருத்தனைத் திட்டினால், காலையில் ஃபெர்ரியில் அவன் பக்கத்தில்தான் உட்கார இடம் கிடைக்கும். அதனால் சொந்தப் பெயரில் இருப்பவர்கள் எல்லாரும் அங்கே மரியாதைசாலிகள். திட்ட வேண்டும் என்றால் அதற்கென்று தனி ஐடி. சிங்கம் படம், புலி படம், கூலிங்கிளாஸ் போட்ட குழந்தை படம். அந்தச் சிங்கமும் புலியும் அன்றைக்கு என்னைக் குதறின. "நாட்டக் பந்த் கர்", நடிப்பை நிறுத்து என்று ஒருவர். "பொண்டாட்டிக்குப் பாத்திரம் தேய்ச்சுக் கொடுத்து கை போச்சா" என்று ஒருவர். அது உண்மைதான், அதனால் கோபம் வரவில்லை. அதற்குக் கீழே ஒருவர் செத்துப்போன என் அம்மாவை இழுத்தார். அங்கேயும் ஏதோ ஜோக் எழுதிச் சிரித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். உள்ளே சுருக்கென்று இருந்தது. இருங்கடா, ஃபைனலில் கையே போனாலும் சரி, அடித்துக் காட்டுகிறேன் என்று முடிவு பண்ணினேன்.

இந்தக் கூட்டத்தில் நண்டுப் படம் போட்ட ஒரு ஐடி உண்டு. ஃபைனலில் எங்களோடு மோதப்போகிற சௌல்தாரி அணியின் பரம ரசிகர். எங்கள் அணிக்குப் பரம எதிரி. என்னை மாதிரி அவருக்குப் பிடித்த தீனி வேறு கிடையாது. "இவர் எகிறினால் நெட்டுக்கும் இவருக்கும் நடுவில் ஒரு ஃபெர்ரி போகலாம்" என்று எழுதுவார். "இவர் போடுவது சர்வீஸா, தபாலா? வந்து சேர ஒரு வாரம் ஆகிறதே" என்பார். படித்துவிட்டு நானே சிரிப்பேன். ஒரு விஷயம் மட்டும் உண்டு. நண்டு ஆட்டத்தைத்தான் கடிக்கும். ஆளை, வீட்டை, சாதியை, பாஷையைத் தொட்டதே இல்லை.

அந்த நண்டு அன்றைக்குக் கிண்டல் பண்ணவில்லை. இப்படி எழுதியிருந்தது: "வீடியோவை மூணு தடவை பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் பிறகு இடது கையால வலது கையைத் தாங்கிப் பிடிக்கிறீங்க. தண்ணி பாட்டிலைக்கூட இடது கையால எடுக்கிறீங்க. இது நடிப்பு இல்ல. தயவுசெஞ்சு ஃபைனல் ஆடாதீங்க. தோள் பார்க்கிற டாக்டர்கிட்ட போங்க."

குரூப்பே பற்றிக்கொண்டது. எங்கள் கேப்டன் தெலுங்குக்காரர், வீட்டில் தெலுங்கு, எங்களோடு ஹிந்தி. அவரே போன் பண்ணி, "அரே பாய், அவங்க டீமுக்கு உன்கிட்ட பயம். சால் ஹை, சால்!" என்றார். இது சூழ்ச்சியேதான் என்று எனக்கும் பட்டது. எதிரணிக்காரர் 'நீ ஆடாதே' என்று சொன்னால் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? "பயமா இருந்தா கோப்பையை இப்பவே பார்சல் பண்ணி அனுப்பிடுங்க" என்று பதில் போட்டேன். எங்கள் ஆட்கள் கைதட்டிக் குவித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் நண்டு தனியாகச் செய்தி அனுப்பியது. நாளைக் காலை ஃபீனிக்ஸ் பே ஃபெர்ரி ஜெட்டிக்கு வாருங்கள், டிக்கெட் கவுண்டர் பக்கத்து டீக்கடையில் இருப்பேன் என்று.

போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய பைப் ரெஞ்சு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன். சண்டை வந்தால் அதை எந்தக் கையால் வீசுவது என்று மட்டும் யோசிக்கவில்லை.

டீக்கடையில் முறுக்கு மீசைக்காரர் யாரையாவது தேடிக்கொண்டிருந்தேன். டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கும் ஒரு அக்கா எழுந்து வந்தார். பக்கத்தில் சௌல்தாரி அணியின் முதல் அடிக்காரன், நெட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று என்னை முறைக்கும் அந்த நெட்டையன். அக்காவின் கூடப் பிறந்த தம்பியாம்.

"நண்டு நான்தான்" என்றார் அக்கா. "உங்க வாய்தான் பெருசுன்னு நெனச்சேன், பையும் பெருசாத்தான் இருக்கு. உள்ள என்ன?"

"ரெஞ்சு."

"என்னை அடிக்கவா? வலது கையால அடிங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது, நீங்கதான் அழுவீங்க."

டீக்கடைக்காரர் வரைக்கும் சிரித்துவிட்டார். நான் பையைக் காலுக்கடியில் தள்ளினேன்.

அக்கா டீயை வைத்துவிட்டு வலது கையைத் தூக்கினார். காது மட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

"இவ்ளோதான். நான் ஈட்டி எறிஞ்சவ. மெயின்லேண்டுக்குப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க போனதும் தோளுக்குள்ள 'டக்'குன்னு ஒரு சத்தம். உங்களுக்கும் வருதில்ல? எறிய மாட்டேன்னு சொன்னேன். அன்னைக்கே ஃபேஸ்புக்ல எழுதிட்டாங்க, கப்பல்ல ஓசியில ஊர் சுத்தப் போன மகாராணின்னு. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. மறுநாள் எறிஞ்சேன். ஈட்டி பக்கத்துல விழுந்துச்சு. கைதான் தூரமா போயிடுச்சு."

இதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோள் கழன்றதும், அதற்கப்புறம் ஆபரேஷன் பண்ணியும் கை பழையபடி வராததும் பிறகு தெரிந்தது.

தம்பி என்னை ஹிந்தி வழக்கத்தில் அண்ணா, 'பையா' என்று கூப்பிட்டுச் சொன்னான். "ஒரு வருஷம் அக்காவுக்கு நான்தான் தலை பின்னி விட்டேன் பையா. ரெட்டை ஜடைகூட வரும் எனக்கு. கிரவுண்டுல யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

கிரவுண்டில் சொல்லவில்லை தம்பி. இங்கேதான் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்.

"நான் நம்புறேன் அக்கா. ஆனா எங்க ஆளுங்க நம்ப மாட்டாங்க. நீங்க எதிரி டீம் ஆச்சே" என்றேன்.

"தெரியும். அதுக்குத்தான் இவனையும் கூட்டிட்டு வந்தேன்."

"நீங்க உக்காந்தா நானும் உக்காந்துக்கறேன்" என்றான் தம்பி. "பராபர், சமமா ஆயிடும்ல?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. என் மனைவி பார்த்திருந்தால் விளக்கேற்றிக் கும்பிட்டிருப்பாள். அவன் ஆடினால் சௌல்தாரிக்குக் கோப்பை கிட்டத்தட்ட உறுதி. அவன் உட்கார்ந்தால் சொந்த ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? அதைக் கேட்டேன்.

"திட்டுவாங்க. கை திரும்பி வராது, திட்டு நாலு நாள்ல போயிடும்" என்றார் அக்கா. அன்றைக்கே நண்டுப் படத்தை எடுத்துவிட்டு, சொந்தப் பெயரும் சொந்தப் படமும் போட்டு, தம்பி ஏன் ஆடமாட்டான் என்று குரூப்பில் எழுதினார்.

எங்கள் கேப்டன் அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்கே வந்தார். என் கையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். நான் தூக்கிய அழகைப் பார்த்துவிட்டு, "தூ பைட். ஹம் தேக் லேங்கே" என்றார். நீ உட்கார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

ஃபைனல் அன்றைக்கு நானும் அந்த நெட்டையனும் கோட்டுக்கு வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்றோம். நான் இல்லாததால் எங்கள் அணி அழியும் என்று கவலையோடு பார்த்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. பையன்கள் முன்பைவிட நன்றாக ஆடினார்கள். இத்தனை வருஷமாகத் தோல்விக்குக் காரணம் யார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கடைசி செட் வரை இழுத்துக்கொண்டு போய் நாங்கள் ஜெயித்தோம். நெட்டையன் கையில் இருந்த கடலையைக் கீழே போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை.

அன்றிரவு சிங்கமும் புலியும் அக்கா மேல் பாய்ந்தன. துரோகி என்றார்கள். பொம்பளைக்கு எதற்கு வாலிபால், வீட்டில் சோறு ஆக்கச் சொல் என்றார்கள். எழுதக் கூசுகிற வார்த்தைகளும் இருந்தன. அக்கா பதிலுக்கு ஒன்றே ஒன்று எழுதினார்: "கடைசி செட்ல நாம வெளியே அடிச்ச சர்வீஸையெல்லாம் என் தம்பியா பெஞ்சுல இருந்து அடிச்சான்? அதைப் பேசுவோம் வாங்க."

எனக்கு நீளமாக எழுத வராது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமே, அதை வைத்து நானும் ஒன்று போட்டேன். "இந்த அக்கா எங்க டீம் ஆள் இல்ல. நாளைக்கே எங்களை மறுபடி கிழிப்பாங்க. என் கை போயிடக் கூடாதுன்னு தன் தம்பியை உக்கார வெச்சாங்க. யாருக்காவது திட்டியே ஆகணும்னா என்னைத் திட்டுங்க. எனக்குப் பழக்கம் இருக்கு." கேப்டன் அதற்குக் கீழே ஹிந்தியில், ஆட்டத்தைத் திட்டலாம், ஆளைத் திட்டினால் அடுத்த போட்டிக்கு வராதே என்று எழுதினார். இரண்டு மூன்று ஐடிகள் எழுதியதை அழித்தன. ஒன்றிரண்டு அழிக்கவில்லை. சில நாள் கழித்து ஃபெர்ரியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தர், முகத்தைக் கடல் பக்கமே வைத்துக்கொண்டு, "பையா, ஹாத் கைசா ஹை?" என்று கேட்டார். கை எப்படி இருக்கிறது என்று கேட்டது எந்த மிருகம் என்று நான் விசாரிக்கவில்லை. நல்லாகிக்கொண்டு வருகிறது என்றேன்.

ஃபைனல் முடிந்த கையோடு டாக்டரிடம் போயிருந்தேன். ஸ்கேன் எடுத்தார்கள். தோள்மூட்டுக் குழியைச் சுற்றி ரப்பர் மாதிரி ஒரு விளிம்பு இருக்கிறதாம், லேப்ரம் என்று பெயர். கை கழன்று போகாமல் பிடித்துக்கொள்வது அதுதானாம். என்னுடையது கொஞ்சம் கிழிந்திருந்தது. எக்ஸ்ரேயில் இது தெரியாது என்றார். "வாஷர் போயிடுச்சுன்னு சொல்றீங்க டாக்டர்" என்றேன். சிரித்துவிட்டு, "அப்படியே வெச்சுக்கோங்க. ஆனா இந்த வாஷர் கடையில கிடைக்காது. இதோட இன்னும் ஓங்கி ஓங்கி அடிச்சிருந்தா ஆபரேஷன்தான். இப்பவே வந்ததால பயிற்சியில சரி பண்ணப் பார்க்கலாம்" என்றார். ஊர் முழுக்க வாஷர் மாற்றினவன், சொந்த வாஷர் கிழிந்தது தெரியாமல் ஆடியிருக்கிறேன்.

மாதக்கணக்கில் ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுத்தேன். முதலில் துணி காயப்போடவே கை நடுங்கியது. மனைவி பக்கத்தில் நின்று, "இழுங்க, இழுங்க, எனக்கு டேங்க் கழுவ ஆள் வேணும்" என்று உற்சாகப்படுத்தினாள். இப்போது ரெஞ்சைப் பிடித்து முழுசாகத் திருக முடிகிறது. நெட்டுக்கு மேலே எகிறி அடிப்பதை விட்டுவிட்டேன். பின்னால் நின்று பந்தை எடுத்துக் கொடுக்கிறேன். அக்காவும் விடவில்லை. "அடிக்கத் தெரியாதவர் எடுக்கவாவது கற்றுக்கொண்டாரே, சௌல்தாரிக்கு இன்னும் சுலபம்" என்று போன வாரம்கூடச் சொந்தப் பெயரிலேயே எழுதியிருந்தார். படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நான் தோற்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்ட ஒருவர், என் கை பிழைக்க வேண்டும் என்றும் அதே மனதால் ஆசைப்பட்டார். இரண்டுக்கும் ஒரே நெஞ்சில் இடம் இருக்கும் என்று எனக்குக் காட்டிய அவருக்கு, சாகும்வரை கடமைப்பட்டிருக்கிறேன்.