அரை நிமிடமாக வெட்டப்பட்ட என் விரிவுரை

தேசியவாதம் பற்றிப் படிப்பிக்கிறேன் என்று சொன்னால் நான் பிறந்த பன்வில தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் விளங்காது. அம்மாவுக்கு நான் அரசியல் படித்த பிள்ளை, அவ்வளவுதான். ஒவ்வொரு தேர்தல் வரும்போதும், “நீ எப்ப நிக்கப்போற?” என்று கேட்பார். நான் அரசியல்வாதி இல்லை, அரசியலைப் பற்றி ஆராய்கிறவள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். “அத ஆராஞ்சு என்னா செய்யிறது?” என்பார்.

இந்தத் துறைக்கு நான் வந்ததற்கு அப்பா ஒரு காரணம். இதே மலையில் பிறந்து, இதே மலையில் வேலை செய்த அவருக்கு, நான் பிறந்த பிறகுதான் குடியுரிமை கிடைத்தது. ஒரு நாட்டுக்குள்ளேயே இருக்கிற மனிதர் எப்படி அந்த நாட்டுக்கு வெளியே இருந்தார் என்று தெரிந்துகொள்ளத்தான் நூலகங்களில் உட்காரத் தொடங்கினேன். இப்போது கண்டியில் குடியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் தமிழிலும் சிங்களத்திலும் அதையே படிப்பிக்கிறேன்.

பிலிமத்தலாவையில் சிங்கள மொழிமூல வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. ‘தேசம் எப்படி உருவாகிறது’ என்று பேச என்னை அழைத்திருந்தார்கள். சிங்களத்தில் இனம் என்றாலும் தேசம் என்றாலும் பெரும்பாலும் ‘ஜாதிய’தான். அதை வைத்தே ஆரம்பித்தேன். அப்பா முதன்முதலில் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, போனபோது அங்கிருந்த எழுதுவினைஞர் “ஜாதிய?” என்று கேட்டிருக்கிறார். அப்பா பயந்துபோய் எங்கள் சாதியைச் சொல்லிவிட்டார். இதைச் சொன்னதும் மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு பேசுவது எனக்கு எளிதாகிவிட்டது. “ஜாதிய என்பது பிறவியோடு வந்தது இல்லை. அது மனிதர்கள் உண்டாக்கியது,” என்றேன். “உண்டாக்கியது என்பதற்காகப் பொய் என்று ஆகிவிடாது. வீட்டையும் மனிதர்கள்தான் கட்டுகிறார்கள், அதில்தான் குடியிருக்கிறோம். யாரையும் வாசலில் நிற்க வைக்காத வீடாக அதைக் கட்டலாம்,” என்றும் சொன்னேன். கைதட்டினார்கள். கிரிபத் என்கிற பாற்சோறும் தேநீரும் தந்து அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை மாலை ஒரு முகநூல் பக்கத்தில் நான் இருந்தேன். ‘அது மனிதர்கள் உண்டாக்கியது’ என்ற இடத்தோடு வெட்டிய அரை நிமிடக் காணொளி. மேலே சிங்களத்தில் பெரிய எழுத்தில், ‘உன் அப்பனுக்கு நாடு இல்லை என்பதற்காக எங்களுக்கும் இல்லையா?’

இருபது வருடங்களாக நான் எழுதியதெல்லாம் இப்படிப்பட்ட கோபங்கள் எப்படி மூட்டப்படுகின்றன என்பதைப் பற்றித்தான். அந்த அறிவு அன்று ஒரு துளியும் உதவவில்லை. என் பெயரைப் போட்டு, வேலை செய்யும் இடத்தைப் போட்டு, பின்னூட்டங்கள் ஏறிக்கொண்டே போயின.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஊரில் இதைவிட மோசமானதைப் பார்த்தவர். கையிலிருந்த போனை மெதுவாக வாங்கி அலுமாரிக்குள் வைத்தார்.

“நாளைக்கு லீவு போடும்.”

“லீவு போட்டா பயந்துட்டேன்னு நெனைப்பாங்க.”

“பயந்தால் என்ன? பயப்பிடுறதில ஒரு பிழையும் இல்லை. நான் இப்ப பயந்துதான் நிக்கிறன்.”

அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. வெள்ளிக்கிழமை லீவு போட்டேன்.

அம்மா என் கணவரின் போனுக்கு அழைத்தார். தோட்டத்து லய வீடுகளில் யாரோ அந்தக் காணொளியைக் காட்டிவிட்டார்கள். “என்னா புள்ள, ஒன்னைய ஏசுறாங்களாமே? நீ எதுக்கு அங்க போய் அப்பா கதைய எல்லாம் சொன்ன?” என்றார். பிறகு, “நீ அதுல நல்லாத்தான் இருக்க. அந்தப் பச்சச் சேல நான் வாங்கித் தந்ததுதானே?” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சனிக்கிழமை அலுமாரியிலிருந்து போனை எடுத்ததும் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கலாமா என்று யோசித்துத்தான் எடுத்தேன். ஒரு பெண் சிங்களத்தில் படபடவென்று பேசினார்.

“மிஸ், நான் அன்றைக்குப் பின்வரிசையில் இருந்த ஆசிரியை. நீங்கள் பேசியதை முழுவதும் எடுத்து வைத்திருக்கிறேன். என் வகுப்புக்குப் போட்டுக் காட்டத்தான் எடுத்தேன். இப்போது முகநூலில் போடட்டுமா?”

“உங்களுக்குப் பிரச்சினை வராதா?”

“வரும்,” என்றார் உடனே. “அந்தப் பக்கத்தை என் தம்பி ரசித்துப் பார்ப்பவன். நேற்றுச் சாப்பாட்டு மேசையில் உங்களைத் திட்டினான். முழுவதையும் போட்டுக் காட்டினேன். இது நீளம் என்று பாதியில் எழுந்து போய்விட்டான். ஆனால் திட்டவில்லை.”

போடச் சொன்னேன். போட்டார். அரை நிமிடத்தைப் பார்த்தவர்களில் சிறு பங்குகூட அதைப் பார்க்கவில்லை. ஆனாலும் அதன் கீழே பட்டறைக்கு வந்த ஆசிரியர்கள் ஒவ்வொருவராக ‘நானும் அங்கே இருந்தேன்’ என்று எழுதத் தொடங்கினார்கள். எனக்காக வாதாடியவர்கள் என்று யாரும் இல்லை. அங்கே இருந்தோம், நடந்தது இதுதான் என்று மட்டும் சொன்னார்கள். அதைப் படித்த பிறகுதான் சரியாக மூச்சு விட்டேன். அன்று இரவு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். நம் அணி ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைத் தோற்றது. கடைசி ஓவரில் நானும் கதிரையிலிருந்து எழுந்து கத்தினேன். “பார்த்தீரே, தேசத்தை!” என்று கணவர் கேலி செய்தார். மாலைக்குள் அதே முகநூல் பக்கம் அணித்தலைவரைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது. என்னைத் திட்ட அங்கே ஆள் இல்லை. அந்தத் தலைவருக்காகப் பரிதாபப்பட்டேன். அதைவிட அதிகமாக எனக்காகச் சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் போகும்போது திடீரென்று என் குரல் கேட்டது. முன் ஆசனத்திலிருந்தவரின் போனில்தான். சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினேன். ‘பிறவியோடு வந்தது இல்லை’ என்பதற்குள் அவர் விரலால் தள்ளிவிட்டார். அடுத்த காணொளியில் ஒருத்தி பலாக்காய் சமைத்தாள். அதை அவர் கடைசிவரை பார்த்தார். இத்தனை வருடம் உழைத்துச் சேர்த்த கருத்து ஒரு பலாக்காயிடம் தோற்றதற்கு நான் இவ்வளவு நிம்மதி அடைவேன் என்று நினைக்கவில்லை.

அன்று காலை முதல் வகுப்பு சிங்கள மொழியில்தான். முன்வரிசையில் வழக்கம்போல் பௌத்த பிக்கு மாணவர்கள். கதவருகே போனதும் உள்ளே சத்தம் அடங்கியது. எல்லாரும் பார்த்திருப்பார்கள் என்று தெரியும். முதலில் அதைப் பற்றிப் பேசிவிடலாம் என்று வரும் வழியெல்லாம் வசனங்களைத் தயார் செய்திருந்தேன். மேசையில் பையை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் முன்வரிசை இளம் பிக்கு ஒருவர் கையை உயர்த்தினார். கெட்டிக்கார மாணவர், எதையும் இலேசில் ஒப்புக்கொள்ளாதவர்.

“மிஸ், ஒரு கேள்வி.”

“கேளுங்கள்,” என்றேன்.

“நீங்கள் பிலிமத்தலாவையில் பேசியதை முழுவதும் பார்த்தோம். அந்த வீட்டு உதாரணம் எங்கள் குறிப்பில் இல்லை. அது பரீட்சைக்கு வருமா?”

வகுப்பு முழுவதும் பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. பின்வரிசையில் ஒரு பெண், “வரும் என்றால் மெதுவாகச் சொல்லுங்கள், மிஸ்,” என்றாள்.

வரும் என்று சொல்லிவிட்டு, எல்லாரும் எழுதும் வேகத்துக்கு ஏற்ப மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன். பிக்கு பாதியில் நிறுத்தி, வீட்டைக் கட்டிய பிறகு வந்தவர்களுக்கு அதில் என்ன உரிமை என்று கேட்டார். தமிழ் வகுப்பிலும் வேறு வார்த்தைகளில் இதையே கேட்டிருக்கிறார்கள். மணி அடித்த பிறகும் இருவரும் விவாதித்துக்கொண்டிருந்தோம். அவரும் சம்மதிக்கவில்லை, நானும் விடவில்லை.