பாங்க் கேட்ட கிழிசல் சேலை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தாராவிச் சந்துக்குள் ஒரு பாங்க் வந்தது.

முழு பாங்க் இல்லை. ஒரு லாரியில் ஆறு தையல் மிஷின். பின்னாலேயே ஒரு காரில் ஓர் ஆபீசரும் ஒரு போட்டோகிராபரும்.

பணக்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, ஏழைகளையும் கொஞ்சம் பாருங்கள் என்று டில்லியிலிருந்து சொல்லிவிட்டார்களாம். அதனால் பாங்க்குகள் எல்லாம் இப்போது ஏழைகளைத் தேடிக்கொண்டு அலைகின்றன. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டுங்காவில் இத்தனை வருஷமாக இருக்கிற பாங்க்தான். இந்தப் பக்கமும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று இப்போதுதான்... போகட்டும். வந்தார்களே.

பத்திரிகையில் எழுதுகிறவன் என்று என்னைப் பிடித்து ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனை ஒரு பாங்க் 'சார்' என்று கூப்பிட்டால் அவன் என்ன ஆவான்? எனக்குத் தூக்கம் போயிற்று. லாரி சந்துக்குள் நுழையுமா? மழை பிடித்துக்கொண்டால்? மிஷின் வராமல் சொற்பொழிவு மட்டும் வந்து இறங்கினால்? என் கவலைகள் உங்களுக்குப் புதிதா என்ன?

மிஷின்கள் எங்கள் சந்துச் செல்லக்கனிக்கும் அவள் கூட்டாளிகள் ஐந்து பேருக்கும். குர்லா பட்டறைகளில் தைக்கிற சட்டைகளை வீட்டுக்கு வாங்கிவந்து, கையால் காஜா எடுத்து, பட்டன் வைத்துக் கொடுக்கிற பெண்கள். முழுச் சட்டையும் தைக்கத் தெரியும். மிஷின்தான் கிடையாது. அது வந்துவிட்டால் பட்டறைக்காரன் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டாம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவர்களுக்கு எல்லாமே அதுதான்.

லாரி முதலில் வந்தது. மிஷின்களை எங்கள் ஊர்க்காரர் சங்கத்து அறையில் இறக்கினோம். கார் வரும்வரை இவர்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. வாசலில் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி... புது மருமகளை அழைக்கிற மாதிரி ஆரத்திகூட எடுத்தாகிவிட்டது.

அப்புறம்தான் கார் வந்தது. ஆபீசர் இறங்கி அறைக்குள் எட்டிப் பார்த்தார். நம் தமிழர்தான், மாட்டுங்காக்காரர். என் காதருகே குனிந்தார்.

"மிஷின் வாங்கிக்கப் போற லேடீஸ்லாம் எங்கே சார்? இன்னும் வரலையா?"

எதிரேயே நிற்கிறார்கள்!

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு விசேஷம் என்றால் விசேஷம்தான். பெட்டியின் அடியில் கிடந்த கல்யாணப் பட்டு மேலே வந்திருந்தது. தலை நிறையப் பூ. காதிலும் கழுத்திலும் மின்னியதில் பாதி அடுத்த வீட்டு இரவல். வீடு தேடி வருகிறவர்கள் முன்னால் அழுக்குச் சேலையோடு நின்றால், அது வருகிறவர்களுக்கு மரியாதைக் குறைவு. இதை எந்த பாங்க்கில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

போட்டோகிராபர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். "ஐசா நஹி சலேகா" என்றார். இப்படி எடுத்தால் சரிப்படாதாம். ஆபீசர் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். தினமும் வீட்டில் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வரச் சொல்ல வேண்டுமாம். கொஞ்சம் கிழிசலாக இருந்தாலும் பாதகமில்லையாம்.

"ஹெட் ஆபீஸ்ல பாக்கறவா என்ன நினைப்பா? இவாளுக்கா மிஷின்னு கேக்க மாட்டாளா? மிஷினைத் திருப்பி எடுத்துண்டு வான்னுட்டா நான் என்ன சார் பண்றது?"

அவருக்கும் நெற்றியில் வியர்வை. என்னைப்போலவே பயந்த சுபாவம். இரண்டு கோழைகள் சந்து முனையில் நின்று, ஆறு பெண்களின் சேலையைப் பற்றி ரகசியம் பேசிக்கொண்டிருந்தோம்.

லாரி இன்னும் போகவில்லை. மிஷின்களை மறுபடி ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு சேலைதானே, மாற்றிக்கொண்டால் என்ன என்று செல்லக்கனியிடம் போய்ச் சொன்னேன். மிஷின் போய்விடும் என்றும் சொன்னேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏன் அண்ணாச்சி, அவுக வீட்டு விசேசத்துக்கு அவுக கிழிஞ்சதையா கெட்டிட்டுப் போவாக?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. நேராக ஆபீசரிடம் போனாள். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு மிஷின் முன்னால் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஐயா, சந்தனம் வச்சு, தேங்கா ஒடச்சு, உள்ள அழைச்சாச்சு. இனி இது எங்க வீட்டு மகாலெச்சுமி. பொட்டு வச்ச பொருள வாசல் தாண்டி அனுப்புத வழக்கம் எங்ககிட்ட கெடையாது. போட்டோ வேணும்னா இப்படியே எடுங்க. கிழிஞ்ச சேலதான் வேணும்னா வீட்டுல கெடக்கு. எடுத்துத் தாரேன், அதத் தனியாப் படம் பிடிச்சிக்கிடுங்க."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

ஆபீசர் மிஷின்களைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். அவரும் பொட்டு வைத்துப் பூஜை செய்கிற வீட்டில் பிறந்தவர்தானே? அதில் கை வைக்க அவருக்கும் மனம் துணியவில்லை. போட்டோகிராபரைப் பார்த்துத் தலையாட்டினார். பட்டும் பூவும் இரவல் நகையுமாகப் படம் எடுக்கப்பட்டது. ஹெட் ஆபீசுக்கு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன் என்று முனகிவிட்டு, கொடுத்த கலர் சோடாவைக் குடித்துவிட்டுப் போனார். லாரி காலியாகத் திரும்பியது.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. கை தூக்கிவிடுகிறேன் என்று வருகிறவர்கள், நாம் கீழே கிடப்பதை முதலில் ஏன் படம் பிடிக்கவேண்டும்? ஏழைக்கென்று யூனிபாரம் உண்டா? இல்லாமை எங்கள் வீட்டில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறோம். அதை மேலே உடுத்திக்கொண்டும் நிற்க வேண்டுமா?

இதை எழுதும்போதும் எனக்குப் பயம் விட்டபாடில்லை. சந்துக்குள் கார் ஹாரன் கேட்டால் எழுந்து எட்டிப் பார்க்கிறேன். பெண்கள் முன்னேறினார்களா என்று பார்க்க, பொங்கலுக்கு அப்புறம் கேமராவோடு மறுபடியும் வருவார்களாம்.

அதற்குள் அந்த மிஷினிலேயே செல்லக்கனி ஒரு புது ரவிக்கை தைத்துக்கொள்ளப் போகிறாளாம் — ஜரிகை வைத்து!