வலது முன்சக்கரம்

என் கார் தாம்பரத்துக்கு ஏற்ற கார் அல்ல. அது எனக்கே தெரியும்; சொல்லாத ஆளும் பாக்கியில்லை. டர்போ என்ஜின், தரையை ஒட்டிய உடம்பு, காலை வைத்தால் பாயும். பாய்வதற்குத்தான் இடம் கிடையாது. கேம்ப் ரோட்டிலிருந்து மேடவாக்கம் போய்ச் சேர்வதற்குள் மூன்றாவது கியரைப் பார்த்துவிட்டால் அது நல்ல நாள். இருந்தும் வாங்கினேன். அண்ணன் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் உரக்கப் பேசாத காலம். சத்தம் போடுகிற ஏதாவது ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

அண்ணன் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் போனான். காலையில் வேலைக்குப் போகிற வழியில், ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்னால் பைக்கோடு மோதினான். அதிவேகம் என்றது போலீஸ். லாரி நின்ற இடமே தப்பு என்றார்கள் பார்த்தவர்கள். அம்மா இரண்டையும் காதில் வாங்கவில்லை. "ஜெபம் பண்ணித்தான் அனுப்பினேன். அதுக்கப்புறமும் கர்த்தர் எடுத்துக்கிட்டார்னா அது அவர் சித்தம்" என்று துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள், காரணம் தேடாமல் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்தாள், சமைத்தாள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனாள். எனக்கு அந்த வாக்கியத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் அதை யாராவது பிடுங்கிவிட்டால் அம்மா எழுந்திருக்க மாட்டாள் என்பதும் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்த விஷயங்கள் என் வாழ்க்கையில் ரொம்பக் குறைவு.

மறு வருடம் காரின் முன் பிரேக் பேட்கள் தேய்ந்தன. சாப்பிடும்போது பேச்சுவாக்கில் அம்மாவிடம் சொன்னேன், "பிரேக் போச்சும்மா, மாத்தணும்" என்று. அம்மா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

வாரக்கணக்கில் இணையத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு, பந்தயக்காரர்கள் போடும் ரகம்தான் வேண்டும் என்று கீழ்க்கட்டளையில் இருக்கும் என் மெக்கானிக்கிடம் போய் நின்றேன். நான் கொண்டுபோன பேட் பெட்டியை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது நல்லா சூடானாத்தான் புடிக்கும். மேடவாக்கம் சிக்னல்ல நின்னுகினு கீற வண்டி எங்க சார் சூடாவும்? காலைல வூட்டாண்ட மொத பிரேக்க மிதிச்சீங்கன்னா நேரா எதிர் வூட்டு கேட்டாண்டதான் நிப்பீங்க."

"அப்ப என்னதான் போடுறது?"

"கம்பெனி பேடுக்கு ஒரு படி மேல கீது. சூடாவாம பச்சையா கீறப்பவும் புடிக்கும், சூட்டுலயும் தாங்கும். அத்த போடுங்க. உங்க உசுரு எனக்கு வோணும் சார், ரெகுலர் கஸ்டமர்."

சிரித்துவிட்டு அதையே வாங்கினேன். அவர் சக்கரத்தைக் கழற்றி, பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டை எடுத்து, அதை ஒரு கம்பியில் தொங்கவிட்டார். பளபளவென்று தெரிந்த இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்துவது பேட். பழைய பேட் பிஸ்கட் அளவுக்கு மெலிந்திருந்தது. பிஸ்டனை உள்ளே தள்ளி, புதியவற்றை உட்காரவைத்து, "கிளம்பறதுக்கு முன்னாடி பெடலை நாலு தபா மிதிங்க" என்றார். பேட்டின் முகத்தில் விரல்கூடப் படாமல் ஓரத்தைப் பிடித்தே மாட்டினார். கை அழுக்கு பட்டாலே அதற்கு ஆகாதாம். பெரும்பாக்கம் பக்கம் காலியாகக் கிடந்த ஒரு சாலையில் வேகம் பிடிப்பதும், முழுசாக நிற்காமல் குறைப்பதுமாகப் பத்து முறை ஓட்டிப் புது பேட்டை டிஸ்க்கோடு பழக்கினேன். அன்றைக்கு அந்த வண்டி நின்ற அழகு இருக்கிறதே! சந்தோஷமாக இருந்தது. அண்ணனுக்குப் பிறகு சந்தோஷம் என்று சொல்லத்தக்கது அதுதான்.

ஒரு மாதம் தாங்கவில்லை. பிரேக்கை மிதித்தால் கார் இடதுபக்கம் இழுத்தது. அப்புறம் ஒரு கீச்சுச் சத்தம். நேரே கீழ்க்கட்டளைக்குப் போய், இரண்டு கஸ்டமர் எதிரிலேயே மெக்கானிக்கை வாங்கு வாங்கென்று வாங்கினேன். வேலை தெரியாத ஆள் என்றேன். டூப்ளிகேட் சரக்கு என்றேன். அவர் காலிப்பரைச் சுத்தம் செய்து, வேறு ஜோடி பேட் போட்டுக் கொடுத்தார். "இன்னா பேஜாரு சார் இது, எனக்கே புரியல" என்றார். ஒரு மாதத்தில் மறுபடி அதே இழுப்பு.

மூன்றாவது முறை மெக்கானிக்கிடம் போனது கேளம்பாக்கம் சந்திப்பிலிருந்து. ஒரு ஷேர் ஆட்டோ திடீரென்று நிற்க, நானும் மிதித்தேன். கார் தானாக இடதுபக்கம் பாய்ந்தது. ஸ்கூட்டியில் ஒரு பெண், முன்னால் நிற்கும் குழந்தை. ஒரு கை அகலம் விட்டு நின்றேன். அந்தப் பெண் என்னைத் திட்டக்கூட இல்லை. குழந்தையின் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு அப்படியே நின்றாள்.

மெக்கானிக் வலது முன்சக்கரத்தைக் கழற்றிப் பேட்டை எடுத்தார். முகர்ந்தார். என்னிடம் நீட்டினார்.

"எண்ணெ சார். ரெண்டு பேடும் ஊறிப்போயி கீது. இந்தப் பக்கம் புடிக்கல, அந்தப் பக்கம் புடிக்குது. அதான் இழுக்குது."

"எண்ணெய் எங்கிருந்து வரும்?"

அவர் டிஸ்க்கின் நடுப்பகுதியைக் காட்டினார். பேட் உரசாத இடம். பிரேக் தூசி எண்ணெயில் ஒட்டிக் கறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வாரத்து விரல் தடம். நெட்டாக ஒன்று, குறுக்காக ஒன்று.

"சிலுவ சார்" என்றார் மெதுவாக. "எங்க பக்கத்து வூட்டு அக்காவும் புது வண்டிக்கு வைப்பாங்க. ஆனா பானட்ல வைப்பாங்க." நான் அவரை ஏசியதற்கெல்லாம் அந்த நேரத்தில் அவர் பழி தீர்த்திருக்கலாம். செய்யவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

வழியெல்லாம் என் கண்ணில் நின்றது அந்தக் குழந்தையின் தலைதான். வீட்டுக்குள் நுழைந்ததும் யோசிக்காமல் கத்தினேன்.

"காருக்கு எண்ணெய் வெச்சியா?"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "ஞாயித்துக்கெழம சர்ச்சுல இருந்து வந்ததும் வைப்பேன். நீ பிரேக் போச்சுன்னு சொன்னேல்ல, அதுல இருந்து. நீ உக்கார்ற பக்கத்து சக்கரத்துல, அந்தக் கம்பிக்கு நடுவுல விரல விட்டு. ஜெப எண்ணெய்தான். ஏன்டா?"

"அது பிரேக்கும்மா! அதுல எண்ணெய் பட்டா புடிக்காது! இன்னிக்கு ஒரு கொழந்தைய ஏத்தியிருப்பேன். நானும் செத்திருப்பேன். நீதான் கொன்னிருப்ப!"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. வாயிலிருந்து போனதைத் திரும்ப வாங்க முடியவில்லை. அம்மா அழவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி நின்றவள், யாரிடமோ சந்தேகம் கேட்பதுபோலச் சொன்னாள்.

"உங்கண்ணனும் அப்ப பிரேக் சரியா இல்லன்னுதான் சொல்லிட்டிருந்தான். அதனாலதான் முன்சக்கரத்துல வெச்சேன். அன்னிக்குக் காலையிலயும் வெச்சேன்."

"அவன் பைக்ல டிஸ்க் கிடையாதும்மா" என்றேன். "டிரம். உள்ள மூடியிருக்கும். எண்ணெய் போகவே போகாது. லாரி நின்ன இடம் தப்பு, அவ்வளவுதான்."

அம்மா என்னைப் பார்த்தாள். விடையை மட்டும் காப்பியடித்து எழுதிய பிள்ளையை ஒரு டீச்சர் எப்படிப் பார்ப்பாளோ, அப்படி.

"தட்டு இருந்துச்சுடா. தொட்டுத்தானே வெச்சேன். காலைல ஜில்லுன்னு இருக்கும்."

அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அண்ணனைப் பற்றி விசாரிப்பவர்களிடம் கர்த்தருடைய சித்தம் என்று சொல்வதும் நின்றுபோயிற்று. பைக் வளைந்து நசுங்கிப் பழைய இரும்புக்குப் போய் வருடங்கள் ஆகின்றன. எண்ணெய்தான் காரணமா, லாரியா, வேகமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதையும் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினாள்.

புது பேட், புது டிஸ்க். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. காலையில் கிளம்பும்போது அம்மா கேட் வரை வருகிறாள். நான் வேண்டுமென்றே தலையைக் குனிந்து சற்று நேரம் நிற்கிறேன். முன்பெல்லாம் என் தலையில் கை வைத்து இரண்டு வரி ஜெபிப்பாள். இப்போது இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, ஓரடி தள்ளி நின்று, "பாத்துப் போய்ட்டு வா" என்கிறாள். என்னைத் தொடுவதே இல்லை.