நாற்றம் நின்ற இடம்

எர்மினா தூசேனுக்கு மூக்கால் அழுகிறவர்களைப் பிடிக்கும். கொதிக்கும் ஏரியைப் பார்க்க வேண்டும் என்று தீவின் நடுவே மலையில் இருக்கும் லோதா ஊரில் வந்து இறங்குகிறவர்களில், சேறு ஒட்டியதற்கும் செருப்புக் கடித்ததற்கும் யார் முணுமுணுக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களையே கேட்டு வாங்கிக்கொள்வாள். மற்ற வழிகாட்டிகளுக்கு இது பெரிய வேடிக்கை. பக்கத்து வீட்டு ஃபெஸ்டஸும் வழிகாட்டிதான். சண்டைக்காரர்களைப் பார்க்காவிட்டால் எர்மினாவுக்குச் சாப்பாடு இறங்காது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காமல் காரணத்தையா சொல்ல முடியும்?

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து படுத்தாள். எழுந்தபோது மூக்கு செத்துப் போயிருந்தது. அடுப்பில் வாழைக்காய் தீய்ந்து ஊரே நாறியபோது அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஃபெஸ்டஸின் மகள் நொரீன் ஓடிவந்து சட்டியை இறக்கிய பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. தூங்கிப் போய்விட்டேன் என்று ஒரு பொய் சொன்னாள். அந்தப் பொய் அன்றைக்கே அவள் வீட்டில் குடியேறிவிட்டது.

தச்சனுக்குக் கை எப்படியோ அப்படி லோதா வழிகாட்டிக்கு மூக்கு. ஏரிக்குப் போகிற வழியில் இருக்கும் பாழ்ப்பள்ளத்தாக்கில் தரையெங்கும் ஆவி பீறிடும். அது கண்ணுக்குத் தெரிவதால் யாரும் விலகிப் போய்விடலாம். அதோடு சேர்ந்து வருகிற கெட்ட காற்று கண்ணுக்குத் தெரியாது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறவரை அங்குள்ளவர்கள் அதிகம் கவலைப்படுவதில்லை. நாற்றம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றால்தான் கவலை. ஒன்று, மலைக்காற்று அதை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். இல்லையென்றால் விஷம் கூடி மூக்கை மரத்துப்போக வைத்திருக்க வேண்டும். அப்படி மரத்துப்போன இடத்தில் இளைப்பாற உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்று லோதாவில் பழைய கதைகள் உண்டு.

வேறு வேலை பார்த்திருக்கலாமே என்று கேட்பது சுலபம். கணவன் பிழைப்புத் தேடி வேறு தீவுக்கு, ஆன்டிகுவாவுக்குப் போனவன் போனவன்தான். எர்மினாவுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மலை ஒன்றுதான். ஆகவே, தன் மூக்குக்குப் பதில் அடுத்தவர் மூக்கை வைத்துப் பிழைக்கக் கற்றுக்கொண்டாள். கூட வருகிறவர்கள் முகம் சுளித்தால் அவளுக்கு உயிர் வந்தது. அவர்கள் பேச்சை நிறுத்தினால் நின்று திரும்பி அவர்கள் முகத்தைப் பார்ப்பாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவள் நடந்ததெல்லாம் அந்தப் பயத்தோடுதான். ஈஸ்டர் விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போனபோது நொரீனைத் தன் பக்கத்திலேயே நடக்க வைத்து, அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு போய்வந்தாள்.

இப்படி இருக்கையில்தான் தீவின் வடக்கே இருக்கும் போர்ட்ஸ்மத்திலிருந்து பெர்னதின் வந்து சேர்ந்தாள். ரொட்டிக்கடைக்காரி. பிறந்ததிலிருந்து இந்தத் தீவிலேயே இருந்துகொண்டு அடுப்பைத் தவிர எதையும் பார்த்ததில்லை என்று ஐம்பதாவது பிறந்தநாளில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டதாம். கணவன் கத்பர்ட்டை இழுத்துக்கொண்டு கிளம்பி, இரட்டை அருவியைப் பார்த்து, குமிழி விடுகிற கடலில் குளித்து, எல்லா இடத்திலும் குறை சொல்லிவிட்டுக் கடைசியாக இங்கே வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எர்மினா முந்திக்கொண்டு போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நல்ல மூக்கு இந்த வருஷத்தில் அவளுக்குக் கிடைக்கவில்லை.

காடெல்லாம் பெர்னதினின் குரல்தான். வேர் தடுக்குகிறது, முழங்கால் கடிக்கிறது, உப்புமீன் வைத்த பொரித்த ரொட்டியில் உப்பு போதாது. கத்பர்ட் பின்னாலேயே நடந்து வந்தான். முகட்டில் ஏறியதும் எர்மினா நின்றாள். மற்ற நாட்களில் காற்றுக்குத் தொப்பியைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே நிற்க முடியும். அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை. கீழே பள்ளத்தில் ஆவிகள் கம்பு நட்டதுபோல நேராக எழும்பிக்கொண்டிருந்தன.

திரும்பிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. மூக்குள்ள வழிகாட்டி என்றால் யோசிக்காமல் திருப்பியிருப்பான். மூக்கில்லாதவளுக்கோ, திருப்பினால் யாராவது சந்தேகப்படுவார்களோ என்று ஒரு பயம். நேற்றும் காற்றில்லை, ஃபெஸ்டஸ் போய்விட்டுத்தானே வந்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு இறங்கினாள்.

இறங்க இறங்கப் பெர்னதின் மறுபடி திட்ட ஆரம்பித்தாள். இந்த நாற்றத்தைப் பார்க்கவா ஆள் ஆளாகக் கப்பலேறி வருகிறார்கள், இதற்குத் தன் கடைப் பின்புறத்துச் சாக்கடையே தேவலை என்றாள். எர்மினாவுக்கு அந்த வசவெல்லாம் தேனாக இருந்தது. கைத்தடியால் தரையைத் தட்டிப் பார்த்து, தான் வைத்த அடியிலேயே அவர்களை அடி வைக்கச் சொல்லி, கறுப்பு ஓடைக்கு அருகே ஒரு குழிவான இடத்துக்குக் கூட்டிவந்தாள். அங்கே கொதிக்கிற ஊற்றில் முட்டை வேகவைத்துக் கொடுப்பது வழக்கம். கணவனும் மனைவியும் ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். அவள் குனிந்து முட்டைகளைப் பையோடு ஊற்றில் இறக்கினாள்.

பின்னால் பேச்சு நின்றுபோயிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். பெர்னதின் கால்களை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்து புன்னகை செய்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து அந்த முகத்தில் எர்மினா பார்த்த முதல் புன்னகை அது. கத்பர்ட் பெரிய கொட்டாவி ஒன்று விட்டான்.

"இப்பத்தாம்மா சுகமா இருக்கு," என்றாள் பெர்னதின். "நாத்தமே இல்ல பாரு."

எர்மினா சட்டென்று நிமிர்ந்தாள். ஆவியைப் பார்த்தாள். அது நேராகத்தான் நின்றது. காற்று எதையும் அடித்துக்கொண்டு போகவில்லை. அப்போதுதான் தன் நெற்றிப்பொட்டும் தெறிப்பதைக் கவனித்தாள். எழுந்திருங்கள், மேட்டுக்கு ஏற வேண்டும் என்றாள். பெர்னதின் அசையவில்லை. முழங்கால் இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது, முட்டை வேகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். காற்று கெட்டிருக்கிறது என்று எர்மினா கையைப் பிடித்து இழுத்தாள்.

"உனக்கு நாத்தம் அடிக்குதா? எங்களுக்கு அடிக்கலையே," என்றாள் பெர்னதின், கண்ணைத் திறக்காமலே. "சும்மா பயமுறுத்தாத."

இனி ஒளிக்க இடமில்லை. எர்மினா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எனக்கு மூக்கே கிடையாதுங்க. ஒரு வருஷமா எதுவும் தெரியாது. உங்க மூக்க நம்பித்தான் உங்கள இங்க கூட்டியாந்தேன். இப்ப உங்க மூக்கும் போயிருச்சு. எந்திரிங்க, இல்லன்னா மூணு பேரும் இங்கதான்."

பெர்னதின் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தாள். அதற்குள் கத்பர்ட் எழுந்து தள்ளாடினான். மனைவியின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினான். மஞ்சள் மண் சரிகிற மேட்டில் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டும் தள்ளிக்கொண்டும் ஏறினார்கள். எர்மினாவின் கால்கள் யாருடைய கால்களோ போல நடந்தன. தான் செத்தாலும் பரவாயில்லை, இவர்கள் தன்னால் சாகக்கூடாது என்று தேவமாதாவை அழைத்துக்கொண்டே ஏறினாள். பாதி மேட்டில் பெர்னதின் குனிந்து வாந்தி எடுத்தாள். இன்னும் கொஞ்சம் ஏறியதும் அப்படியே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"நாறுது," என்றாள். "ஐயோ, நாறுதும்மா." அதைச் சொல்லிவிட்டுக் குழந்தைபோல அழுதாள். எர்மினாவும் அழுதாள்.

ஏரியை அவர்கள் பார்க்கவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் பெர்னதின் பேசவே இல்லை. திட்டித் தீர்த்திருந்தால்கூட எர்மினாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஊர்ப்பக்கம் பாதை முடிகிற இடத்தில் ஃபெஸ்டஸ் காலை ஓடைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். சீக்கிரமே வந்துவிட்டீர்களே, சண்டை முற்றிவிட்டதா என்று கேட்டான். இதோ எல்லாம் வெளியே வரப்போகிறது என்று எர்மினா தலையைக் குனிந்துகொண்டாள். பெர்னதின் சேற்றுக் காலணியைக் கழற்றி நிதானமாகக் கழுவினாள். முட்டி வலித்தது, திரும்பிவிட்டோம் என்று ஃபெஸ்டஸிடம் சொன்னாள். பிறகு எர்மினாவை நேராகப் பார்த்தாள்.

"அடுத்த வாரம் எங்கக்கா புள்ளைங்க வருதுங்க. ஏரி பாக்கணுமாம். சின்னப் புள்ளைங்க. உன்கூட அனுப்பட்டுமா?"

காட்டிக்கொடுக்காமல், முடிவைத் தன்னிடமே விட்டுவிட்டாள் என்று எர்மினாவுக்குப் புரிந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிழைப்பு பழையபடி நடக்கும்.

"வேணாங்க. ஃபெஸ்டஸ்கூட அனுப்புங்க," என்றாள். "எனக்கு மூக்குல எதுவும் தெரியல."

ஃபெஸ்டஸ் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினான். எப்போதிலிருந்து என்று கேட்டான். போன மழைக்காலத்துக் காய்ச்சலிலிருந்து என்றாள். அவன் கால்களைத் தண்ணீரிலிருந்து மெல்ல எடுத்தான்.

"ஈஸ்டருக்கு நொரீனக் கூட்டிட்டுப் போனியே. அப்பவுமா?"

பள்ளத்தாக்கில் இருந்ததைவிட இப்போது அவளுக்கு அதிகமாகப் பயமாக இருந்தது.

"அப்பவும்தான்," என்றாள்.