முதுகில் ஊசி, மேலே நடுக்கம்

மயக்க மருந்து டாக்டர் என்றால் எல்லாரையும் தூங்க வைப்பவர் என்று நினைப்பீர்கள்; முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போகும், மேலே ஆள் விழித்துக்கொண்டு கிடுகிடுவென்று நடுங்குவார். அப்படிப் படுத்து நடுங்கியவர்களுக்கும் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தவர்களுக்கும் இது புரியும். எண்பதுகளின் தொடக்கத்தில், டில்லி ஆஸ்பத்திரி ஒன்றில் நான் மயக்க டாக்டராகப் புதிதாகச் சேர்ந்த சமயம்.

லடாக்கில் நின்றவர்

ஜனவரி. ஜன்னலுக்கு வெளியே மூடுபனியில் வேப்பமரம்கூடத் தெரியவில்லை. வேலூர்க்காரர், ஓய்வு பெற்ற ஹவில்தார், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் தோளும் தாடையும் ஆட ஆரம்பித்தன. சர்ஜன் கத்தியை விலக்கிக்கொண்டார். இரண்டு கம்பளி போர்த்தியும் நிற்கவில்லை. கடைசியில் பெதிடின் என்ற வலி மருந்தைக் கொஞ்சமாக நரம்பில் ஏற்றினேன். உடம்பு மெல்ல மெல்ல அடங்கியது. ஹவில்தார் என்னை அருகே கூப்பிட்டுச் சொன்னார்: "டாக்டரம்மா, லடாக் பனியில ரெண்டு வருஷம் நின்னவன் நான். இங்க நடுங்கினேன்னு மட்டும் என் சம்சாரத்துக்கிட்ட சொல்லிடாதீங்க."

சைக்கிள் சவாரி

நடுங்கின பிறகு ஏன் ஓடுகிறாய், முன்னாலேயே கொடு என்றார் என் சீனியர். அடுத்த வாரம் முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருந்த தமிழ் டைப்பிஸ்ட் ஒருவருக்கு முழங்காலில் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்ட கையோடு பெதிடினையும் கொடுத்துவிட்டேன். நடுக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. கண் பாதி மூடியிருந்தது, முகத்தில் ஏதோ தூரத்துச் சிரிப்பு. அவர் மூச்சை எண்ணியபடி தலைமாட்டில் நின்றேன். மேலே இருந்த பெரிய விளக்கின் வெளிச்சம் எனக்கே சாயங்கால வெயில் மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் சர்ஜன் முழங்காலைத் திறந்து வேலை செய்துகொண்டிருக்க, இவர் முணுமுணுத்தார்: "கொஞ்சம் ஓரமா நில்லுங்க டாக்டர், சைக்கிள்ல பிரேக் பிடிக்கல."

மீனாட்சியின் கைகள்

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவள் மீனாட்சி. சிசேரியன். மேஜையில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன தடவை நான் நடுங்கினதுல, கீழ போட்டுடுவேன்னு குழந்தைய எங்கிட்ட குடுக்கவே இல்ல டாக்டர். மறுநாள் காலையில அது போயிடுச்சு. நான் தொடவே இல்ல."

முன்னாலேயே கொடுத்தால் மருந்து குழந்தைக்கும் போய் அதன் மூச்சை அமுக்கிவிடும். காத்திருந்தேன். அவள் தோள் ஆட ஆரம்பித்தது; பயந்துபோய் என்னைப் பார்த்தாள். குழந்தை அழுதது. தொப்புள்கொடியை வெட்டிய நொடியில், தயாராக வைத்திருந்ததை ஏற்றினேன்.

நர்ஸ் குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றி முடிப்பதற்குள் நடுக்கம் நின்றுவிட்டது. மீனாட்சி இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கி, வேறு யாருடைய கைகளையோ பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஆடல டாக்டர். இப்ப குடுக்கச் சொல்லுங்க."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மிட்டாய் டப்பா சர்ஜனுக்குத்தான் வரும். மயக்க டாக்டரின் முகம் யாருக்காவது ஞாபகம் இருந்தால், அன்றைக்கு மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.