கால்சியம் டப்பாவில் கொடுத்த மாத்திரை

பாகூரில் இருபத்தாறு வருடமாக மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். கவுண்டரில் புதிதாக நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னைக் கதிகலங்க வைத்த நாள் அது.

அன்று காலை அபிஷேகப்பாக்கத்து முருகையன் ஒரு கால்சியம் டப்பாவோடு வந்து நின்றார். அவர் மனைவி செல்விக்கு நேற்றிலிருந்து உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறதாம், உட்கார முடியாமல் தவிக்கிறாளாம், கைகால் உதறுகிறதாம். நடவு நட்டதில் இடுப்பு பிடித்துக்கொள்ள, கடலூரில் ஒரு கிளினிக்கில் காட்டி, முந்தாநாள் முதல் டிரமடால் என்ற வலி மாத்திரை சாப்பிடுகிறாள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று அங்கே கேட்டதற்கு இந்த டப்பாவைத்தான் காட்டியிருக்கிறாள்.

"சத்து மாத்திரதானேண்ணே, இது இன்னா பண்ணும்? எங்கம்மா காத்து கருப்புன்னுது. மந்திரிக்க இட்டுனு போவச் சொல்லுது."

டப்பாவை வாங்கித் திறந்தேன். உள்ளே இருந்தது கால்சியம் இல்லை, எஸ்சிடலோபிராம். மனச்சோர்வுக்கான மாத்திரை. அட்டையிலிருந்து பிரித்து அதில் போட்டுக் கொடுத்தது நானேதான். "வூட்ல பார்த்தா பைத்தியம்னுடுவாங்க, பேர் தெரியாம குடுண்ணே" என்று செல்வி அன்று டாக்டர் சீட்டை நீட்டிக் கெஞ்சியிருந்தாள். பாவம் பார்த்தேன். பெரிய உபகாரம் செய்த நினைப்பு வேறு.

இதோடு டிரமடால் சேர்ந்தால் சிலருக்கு உடம்பில் செரட்டோனின் என்ற ரசாயனம் எல்லை மீறிவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். சொன்னால் செல்வியின் ரகசியம் போகும். சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாள். முருகையனிடம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, செல்வியை ஏற்றிய ஆட்டோவில் நானும் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் மருந்தின் பெயரைக் கேட்டதுமே இரண்டையும் நிறுத்தி அட்மிட் செய்தார். "நீங்க வராட்டி, ஜுரம்னே நெனச்சிட்டு இருந்திருப்போம்" என்றார். மூன்றாம் நாள் செல்வி எழுந்து உட்கார்ந்தாள். முருகையன் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

என் பயம் அதோடு தீரவில்லை. இதேபோல இன்னும் மூன்று பேருக்குக் கொடுத்திருந்தேன். வீடு தேடிப் போய் இரண்டு டப்பாக்களை வாங்கிக்கொண்டு அட்டையோடு மாத்திரை கொடுத்தேன். டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது, எந்த வைத்தியரிடம் போனாலும் அட்டையைக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாவது பெண் நல்லவாடு கிராமத்துக்காரி. ஊரை விட்டே போயிருந்தாள், போன் போகவில்லை. வேறு கடையில் வாங்கினாலும் அந்த டப்பாவில்தான் கொட்டி வைப்பாள். அப்படிப் பழக்கியவன் நான்.

மறைக்க வேண்டுமென்றால் அட்டையைப் பையில் போட்டு மறையுங்கள், மருந்தின் பெயரை மறைக்காதீர்கள். எந்த ஊரிலோ ஒரு டாக்டர் அந்தப் பெண்ணின் டப்பாவைக் கையில் வாங்கி, மேலே எழுதியிருப்பதை அப்படியே நம்பப் போகிறார்.