பாக்குவெட்டியில் வெட்டிய மாத்திரை

மாத்திரையைப் பாக்குவெட்டியால் வெட்டிய ஒரே மனுஷி என் அத்தையாகத்தான் இருக்கும். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து, பாக்குத் துகளை முந்தானையில் துடைத்துவிட்டு, வெள்ளை மாத்திரையை வைத்து நறுக்கென்று வெட்டுவார். ஒரு பாதி அவருக்கு. மறு பாதி, கூடவே கொழுந்து பறித்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு.

கொரோனா வந்து போன பிறகு இருவருக்கும் காய்ச்சல் விட்டது, அசதி விடவில்லை. கூடையோடு மலையேறிய அத்தை குடத்தைத் தூக்கினாலே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். தட்டுத்தடுமாறி வேலைக்குப் போன நாளிலும் அரைப்பேர்தான், அரைநாள் கூலிதான், போட்டார்கள். "சோம்பேறித்தனத்துக்கு ஒரு வியாதி பேரு வேறயா?" என்றார் கங்காணி. அத்தை அழுது அன்றுதான் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில் டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு சோதனைக்கு ஆள் சேர்த்தார்கள். வேறொரு நோய்க்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும் மாத்திரை இந்த அசதிக்கும் கேட்குமா என்று பார்ப்பதற்கு. சிலருக்கு அந்த மருந்து, சிலருக்கு அதே மாதிரி தெரியும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று முடியும்வரை சொல்லமாட்டார்கள். அத்தையைச் சேர்த்துக்கொண்டார்கள். அக்காவுக்குப் பிரஷர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லயத்தில் ஒரு வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தாலே அடுத்த வீட்டுக்குக் கிண்ணம் போகும். மருந்து மட்டும் போகாதா?

அக்கா மெல்லத் தேறி மறுபடி மலைக்குப் போனார். அத்தைக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் சோதனை நடத்திய டாக்டரம்மாவிடம் பெருமையாகவே சொன்னார்: "நான் பாதி குடுத்தேங்க, பக்கத்து வீட்டு அக்காவுக்கு நல்லா கேட்டுருச்சுங்க." அன்றே அவரைச் சோதனையிலிருந்து நீக்கிவிட்டார்கள். டாக்டரம்மா கோபப்படக்கூட இல்லை. பாவம், அவரும் என்ன செய்வார்.

சோதனை எல்லாம் முடிந்தபின் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அந்த மருந்தால் யாருக்கும் பெரிய பலன் இல்லையாம். அத்தைக்குக் கொடுத்ததோ வெறும் மாத்திரை. பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறும் படியில் அத்தை மூச்சு வாங்க நின்று என் கையைப் பிடித்தார்.

"அக்காகிட்ட சொல்லிறாத புள்ள. அத நம்பித்தான் அது மலை ஏறுது."

இப்போது அத்தைக்குத் தோட்டத்தில் பேரே இல்லை. போன வாரம் கூடையோடு போன அக்கா எங்கள் வாசலில் நின்று அத்தையைக் கூப்பிட்டார்.

"மறுபடி மூச்சு வாங்குது புள்ள. அந்த மாத்திர இன்னும் ரெண்டு கெடைக்குமான்னு கேட்டுப் பாரேன்."

"கேக்குறேங்க்கா" என்றார் அத்தை.